சின்னக் கீபோர்டு கேட்டு வந்தவர்

மாடிப்படியில் தடி தட்டும் சத்தம் கேட்டதுமே என் வீட்டுக்காரர் கையிலிருக்கும் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிடுவார். "உன் ஆளு வாராக. நான் கேமரா மாட்டப் போறேன்" என்று பின்வாசல் வழியே இறங்கிவிடுவார். அந்த நேரத்தில் எந்த வீட்டிலும் எந்தக் கேமராவும் மாட்ட வேண்டியிருக்காது. எனக்கும் அது தெரியும். கல்லாவை விட்டு நான் எங்கே ஓடுவது?

கோவில்பட்டியில் எங்களுடையது ஒரு சின்னக் கம்ப்யூட்டர் கடை. பழுது பார்ப்பது, சார்ஜர், கேபிள், கீபோர்டு, மவுஸ் விற்பது. தடி தட்டி வருகிறவர் விளாத்திகுளத்துக்கும் அப்பால் ஒரு ஊரிலிருந்து பஸ் ஏறி வருவார். முப்பது முப்பத்திரண்டு வயதுப் பெண். பதினோரு வயதில் காய்ச்சல் வந்து இரண்டு கண்ணிலும் பார்வை போனதாம். அதை அவர் சொன்னது கீபோர்டு பேச்சுக்கு நடுவில், பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது போல. சென்னையில் ஒரு கம்பெனிக்கு, ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்கித் தரும் வேலை. தினக்கூலி மாதிரி, பக்கத்துக்கு இவ்வளவு என்று வரும். வீட்டிலிருந்தே செய்வார். மாதம் ஒரு தடவை ரயிலேறிச் சென்னைக்குப் போய் இரண்டு மூன்று நாள் அங்கே உட்கார்ந்து வேலை செய்வார்.

முதல் தடவை வந்தது ஒரு மழை நாளில். செருப்பில் கரிசல் மண் அப்பி, ஒவ்வொரு செருப்பும் ஒரு செங்கல் கனம் இருந்தது. வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்து நின்றார்.

"மதினி, எனக்கு ஒரு கீபோர்டு வேணும். சின்னதா, வயர் இல்லாம, மெக்கானிக்கல்."

இதற்கு முன் என்னை அவர் பார்த்ததே... சரி, பேசியதே இல்லை. குரலை வைத்தே மதினி ஆக்கிவிட்டார். நானும் சந்தோஷமாக மூன்று பெட்டியை எடுத்துப் பிரித்து வைத்தேன். கால் மணி நேரத்தில் வியாபாரம் முடிந்துவிடும் என்று நினைத்தேன். ஐந்து மாதம் ஆனது.

அவர் கம்ப்யூட்டரில் ஒரு மென்பொருள் திரையில் இருப்பதைப் படித்துக் காதில் சொல்லும். மவுஸ் கிடையாது. வரி வரியாக மேலே கீழே போவதும், எழுத்து எழுத்தாக நகர்வதும் எல்லாமே விசைகள்தான். லேப்டாப்பில் இருக்கும் தட்டையான விசைகள் அவருக்கு ஆகாது. "அமுக்குனோமா இல்லையான்னே சொல்ல மாட்டேங்குது. ஊமை மாதிரி நிக்குது" என்பார். அதனால்தான் மெக்கானிக்கல். பஸ்ஸிலும் ரயிலிலும் தோள்பையில் கிடக்க வேண்டும், அதனால்தான் சின்னது. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. கேட்ட விதம்தான் என் உயிரை எடுத்தது.

மெக்கானிக்கல் கீபோர்டில் ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனி சுவிட்ச் உண்டு. நீலம், சிவப்பு, பழுப்பு என்று அதற்கு நிறம் வைத்திருக்கிறார்கள். நீலத்தைத் தட்டிப் பார்த்தார். "கடலை உடைக்கிற சத்தம். இதுல எழுதுனா காதுல படிக்கிறது கேக்காது." சிவப்பைத் தட்டினார். "நைசா இருக்கு. ஆனா எந்த இடத்துல எழுத்து விழுதுன்னு விரலுக்குத் தெரியல." பழுப்பைத் தட்டியபோது முகம் மலர்ந்தது. சரி, பழுப்பு என்று முடிவானது. அதற்கே இரண்டு நாள், இரண்டு பஸ் பயணம்.

அடுத்தது விசைகளின் எண்ணிக்கை. ரொம்பச் சின்னதில் அம்புக்குறி விசைகளே கிடையாது. வேறு விசையோடு சேர்த்து அமுக்க வேண்டும். "அது எனக்கு ரெண்டு காலையும் கட்டிட்டு நடக்கச் சொல்லுத மாதிரி" என்று தள்ளிவிட்டார். மீதி இரண்டு. ஒன்றில் அம்புக்குறி உண்டு, மேல்வரிசை கிடையாது, இலேசானது. இன்னொன்றில் எல்லாம் உண்டு. கொஞ்சம் அகலம், கனம். இது இரண்டில் எதை எடுப்பது என்பதுதான் பாக்கி. பாக்கி என்றா சொன்னேன்?

"கனம்னா எவ்வளவு கனம் மதினி?"

"கொஞ்சம் கூட இருக்கும்."

"கொஞ்சம்னா?"

"அநேகமா முக்காக் கிலோ வரும்."

"அநேகமாங்கிறது பதிலா மதினி? தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. எனக்கு அது போதும்."

இரண்டையும் தூக்கிக்கொண்டு கீழே பலசரக்குக் கடைக்குப் போய் தராசில் வைத்தேன். கடைக்கார அண்ணாச்சி உளுந்து வாங்க வந்தவர்களை நிறுத்தி வைத்துவிட்டுச் சிரித்தார். "இதையும் கிலோக் கணக்குல விக்க ஆரம்பிச்சாச்சா?" கூடிநின்றவர்களும் சிரித்தார்கள். மேலே வந்து கிராம் கணக்கில் சொன்னேன். "பெட்டியோடயா, பெட்டி இல்லாமலா?" என்றார்.

திரும்பக் கீழே போனேன்.

இன்டர்நெட்டில் பொருளைப் பற்றிப் போட்டிருப்பதைப் படித்துக் காட்டச் சொல்வார். படிப்பேன். கண்ணைக் கவரும் கறுப்பு நிறம், கம்பீரமான தோற்றம், வானவில் விளக்கு என்று வரும். "விளக்கைத் தாண்டுங்க" என்பார். "அடுத்து ஒரு படம் இருக்கு" என்பேன். "படத்துல என்ன இருக்கு?" "ஒரு மேசைமேல கீபோர்டு இருக்கு." "அணைக்குத சுவிட்ச் எந்தப் பக்கம்?" "தெரியல. பக்கத்துல காபிக் கப்பு மறைக்குது." "கீபோர்டு விக்கிறவன் காபிக் கப்பை ஏன் வைக்கான்?" நான் அடுத்த படத்துக்குப் போவேன்.

கீபோர்டில் மட்டும் இப்படி என்றில்லை. ஒரு தடவை சித்தி மகள் கல்யாணத்துக்குச் சேலை எடுக்கக் கூட வரச் சொன்னார். புத்தி கெட்டுப் போய் நானும் போனேன். விற்கிற பெண் ஒரு சேலையை விரித்து, "மஞ்சக் கலர்க்கா" என்றாள். "என்ன மஞ்சள்?" அவள் திணறினாள். நான் முந்திக்கொண்டு, கொஞ்சம் பெருமையாகவே, "பூவரசம்பூ மஞ்சள்" என்றேன்.

"காலைலயா, சாயங்காலமா?"

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் கேட்டது சரிதான். பூவரசம்பூ காலையில் மஞ்சளாக விரிந்து, பொழுது சாயும்போது சிவந்து சுருங்கும். பதினோரு வயதுக்குள் அதைப் பார்த்து வைத்திருக்கிறார். நான் நாற்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், யோசித்ததில்லை. சேலையைத் திரும்பப் பார்த்தேன். ஓரத்தில் இலேசாகச் சிவப்பு ஓடியது. "மத்தியானம் மூணு மணி இருக்கும்" என்றேன். "அப்போ எடுத்துக்கிடுதேன்" என்றார்.

பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர்களும் அவரிடம் தப்பியதில்லை. "விளாத்திகுளம் போகுமா?" என்று கேட்டால், "ஏறும்மா, போகும்" என்பார்கள். "எந்த வழியா?" "எப்படியும் போகும்மா." "எப்படியும் போறதுக்கு நான் எதுக்கு உங்க பஸ்ல ஏறணும்?" நான் பக்கத்தில் நின்றுகொண்டு, தெரியாதவள் போல முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு நாள் மத்தியானம் வேர்க்க விறுவிறுக்க வந்தார். தோளில் பயணப்பை. சென்னையிலிருந்து போன் வந்திருக்கிறது. நிரந்தர வேலைக்கு இடம் காலியாம். மறுநாள் காலை பத்து மணிக்கு நேரில் பரீட்சை. ஒலிப்பதிவைக் கேட்டு இரண்டு மணி நேரத்தில் திருத்திக் கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் அங்கே தருவார்கள், கீபோர்டு வேண்டுமானால் அவரவர் கொண்டு வரலாம். இப்படியே கடையிலிருந்து சாயங்கால ரயிலுக்குப் போகிறார்.

"சின்னதையே குடுங்க மதினி. இலேசா இருக்கு. ஒண்ணே ஒண்ணு கேக்கணும்."

அந்த நாளை நான் நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறேன். கரண்ட் இல்லை. தெருவில் எங்களைத் தவிர எல்லாக் கடை ஜெனரேட்டரும் இரைந்துகொண்டிருந்தன. உரக்கடைக்காரர் பில் போடும் மெஷினைத் தூக்கி வந்து மேசைமேல் வைத்து, "ஆள் நிக்காங்க, ஆள் நிக்காங்க" என்று என் தலைமேல் நின்றார். போன் அடித்துக்கொண்டே இருந்தது. வீட்டுக்காரர் வழக்கம்போல் கேமரா மாட்டப் போய்விட்டார்.

ரயிலுக்குப் போகிறவர் கேட்டது இது. அந்தக் கீபோர்டை மூன்று மெஷினோடு சேர்த்து வைக்கலாம். இரண்டு விசையைச் சேர்த்து அமுக்கினால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும். "தெரியாம கை பட்டு மாறிட்டுன்னா, இப்போ எதோட சேர்ந்திருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பெட்டியில் போட்டிருந்தது: மாறும்போது நீல விளக்கு மினுங்கும். அதை நான் படித்தேன். வாய்விட்டுப் படிக்கவில்லை. படித்தால் என்ன நடக்கும் என்று தெரியும். அந்தப் பெட்டி உள்ளே போகும், இன்னொரு பெட்டி வெளியே வரும், உரக்கடைக்காரர் என் தலையில் ஏறி உட்காருவார். காதில் மாட்டும் வயர் இல்லாத ஹெட்செட்டில் மாறும்போது ஒரு 'பீப்' வரும். அது ஞாபகம் வந்தது.

"சத்தம் வரும். 'பீப்'னு."

"காட்டுங்களேன்."

"கரண்ட் இல்லல்லா? உங்க போன் ஒண்ணுதான இருக்கு. ரெண்டு மெஷின் இருந்தாத்தான் சத்தம் வரும்."

அவர் பயணப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். பிறகு, அத்தனை மாதத்தில் ஒரு தடவையும் சொல்லாத வார்த்தையைச் சொன்னார். "நீங்க சொன்னாச் சரி மதினி."

இரண்டு நாள் கழித்துக் காலையில் படியில் தடிச் சத்தம் கேட்டது. ஸ்டேஷனிலிருந்து நேராக வந்திருந்தார். தலை கலைந்திருந்தது. பையிலிருந்து கீபோர்டை எடுத்து மேசைமேல் வைத்தார். அன்றைக்குப் பார்த்து வீட்டுக்காரர் ஓடவில்லை. வந்தவர் முகத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டார்.

நடந்ததை அவர் வரிசையாகச் சொன்னார். அங்கே இருந்த ஒருவர் கீபோர்டைக் கம்ப்யூட்டரோடு சேர்த்துக் கொடுத்திருக்கிறார். போனை அணைத்து வெளியே வைக்கச் சொல்லிவிட்டார்கள். முதல் ஒரு மணி நேரம் நன்றாகப் போயிருக்கிறது. திடீரென்று எந்த விசையை அமுக்கினாலும் காதில் ஒன்றும் இல்லை.

"மாறியிருந்தா சத்தம் வந்திருக்கும். சத்தம் வரல. அப்போ மாறலன்னு முடிவு பண்ணிட்டேன். சார்ஜ்தான் போயிருக்கும்னு வயரை வாங்கிச் சொருகிட்டு உக்காந்திருந்தேன். இருவது நிமிஷம். பெறகு அங்க இருந்த பொண்ணு வந்து, இது வேற எதோடயோ சேர்ந்திருக்கு, நீல விளக்கு மினுங்குதேன்னா."

ரயிலில் தட்டிப் பழகச் சேர்த்து, பிறகு அணைத்து வைத்த போனுக்கு மாறியிருக்கிறது. மிச்ச நேரத்தில் முடிக்க முடியவில்லை. வேலை வேறொருவருக்குப் போய்விட்டது.

"சத்தம் வரும்னு எங்க போட்டிருந்துச்சு மதினி?"

"எங்கயும் போடல."

"பெறகு?"

"கூட்டமா இருந்துச்சு... நீங்க கேட்டுக்கிட்டே இருந்தீங்க... வரும்னு நெனச்சேன்." கடைசி வார்த்தையும் பொய்தான். எனக்குத் தெரியும். "இல்ல. விளக்குன்னுதான் போட்டிருந்துச்சு. படிச்சேன். உங்ககிட்ட சொல்லல."

என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் மேசை விளிம்பைத் தடவினார்.

"கண்ணு தெரியாததை நான் பாத்துக்கிடுதேன் மதினி. அது என் பாடு. நீங்க பாத்ததைப் பாத்தபடி சொன்னாப் போதும். அதையும் மாத்திச் சொன்னா நான் எதைப் பிடிச்சு நடக்க?"

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று இறங்கிவிட்டார். இனி இந்தக் கடைப்பக்கம் வரமாட்டார் என்று நினைத்தேன். அதில் ஒரு நிம்மதியும் இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது. வீட்டுக்காரர் மட்டும் சாயங்காலம் வரை என்னோடு பேசவில்லை.

அடுத்த வாரமே வந்துவிட்டார். "இன்னொண்ணு பாக்கணும். மாறுனது கைக்குத் தெரியுத மாதிரி" என்றார், ஒன்றுமே நடக்காதது போல. எனக்கு அழுகையும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. இந்தப் பெண்ணுக்கு வேறு கடையே கிடைக்கவில்லையா? வாய்விட்டே கேட்டேன்.

"வேற கடையிலயும் இப்படித்தான் சொல்லுதாவ. நீங்க ஒரு ஆளுதான் ஒத்துக்கிட்டீங்க" என்றார்.

மதுரையிலிருந்து சரக்கு அனுப்புகிறவருக்கு நான் போன் போட ஆரம்பித்தேன். "அணைக்குத சுவிட்ச் எந்தப் பக்கம்? தள்ளுததா, அமுக்குததா? எத்தனை நிலை?" அவர், "பாத்துச் சொல்லுறேன் மேடம், அநேகமா..." என்றார். "அநேகமாங்கிறது பதிலா? பெட்டியைப் பிரிச்சுப் பாத்துட்டுப் பேசுங்க" என்று நான் கத்தியதைக் கேட்டு வீட்டுக்காரர் சால்டரிங் கம்பியைக் கீழே போட்டார். அந்த மதுரைக்காரர் பிறகு என் போனை எடுப்பதையே குறைத்துக்கொண்டார்.

கடைசியில் ஒன்று வந்தது. இடது பக்க விளிம்பில் தள்ளுகிற சுவிட்ச். முன்னால் தள்ளினால் ஒன்று, பின்னால் தள்ளினால் இன்னொன்று, நடுவில் அணைப்பு. விரலை வைத்தாலே தெரிந்துவிடும். தானாக மாறாது. கடையிலிருந்த இரண்டு கம்ப்யூட்டரிலும் சேர்த்துக் கையில் கொடுத்தேன். முப்பது தடவையாவது தள்ளித் தள்ளிப் பார்த்திருப்பார். எழுதிப் பார்த்தார். "நல்லா இருக்கு" என்றார். நான் பெட்டியை மூடப் போனேன்.

"ஆனா..."

வரும் என்று எனக்குத் தெரியும்.

எஃப் விசையிலும் ஜே விசையிலும் விரலுக்கு அடையாளமாக ஒரு சின்ன மேடு இருக்கும். அதில் அது போதாதாம். பசையைத் தொட்டு ஒரு கடுகளவு வைத்துக் காயவிட்டுக் கொடுத்தேன். தடவினார். "ஜேயில ஒரு நூல் வலப்பக்கம் தள்ளியிருக்கு." சுரண்டிவிட்டுத் திரும்ப வைத்தேன். "இப்போ எஃப் உயரம் கூட." மூன்றாம் தடவைதான் சம்மதித்தார். அதற்குள் அவருடைய பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் வரும்வரை என் கடையிலேயே உட்கார்ந்து, என் காபியில் சர்க்கரை எத்தனை கரண்டி என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

ஆறேழு மாதத்தில் அந்தக் கம்பெனியில் இன்னொரு இடம் காலியானது. போனார். பரீட்சை எழுதினார். இந்தத் தடவை கிடைத்தது. சென்னையிலேயே தங்க வேண்டும், பெண்கள் விடுதியில் இடம் பார்த்தாயிற்று என்று சொல்ல வந்தவர், கடைசியாக ஒரு வேலை வைத்தார்.

"இத்தன நாளா வாரேன். உங்க கடை எப்படி இருக்கும்னு நீங்க ஒருநாளும் சொன்னதில்ல மதினி."

ரயிலுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. சொல்லித்தான் ஆகவேண்டும். அகலம், நீளம், எந்தச் சுவரில் எந்த அலமாரி, கண்ணாடியில் எங்கே விரிசல், மழைக்கு ஒழுகுகிற மூலை, வீட்டுக்காரர் ஓடுகிற பின்வாசல். அதைச் சொன்னதும் சிரித்தார். "தெரியும். அவிய செருப்புச் சத்தம் கேக்கும்" என்றார்.

"சரி, நீங்க?"

"எனக்கு என்ன, சுமாரா இருப்பேன்."

"சுமார்னா?"

துணியை எடுத்து மேசையைத் துடைத்தேன். கடைக்கு வருகிற ஒவ்வொருவரும் முதலில் என் முகத்தின் இடது பக்கத்தைப் பார்ப்பார்கள். பார்த்ததும் கண்ணைத் திருப்பி மேசைமேலிருக்கும் ஏதாவதொரு சாமானைப் பார்ப்பார்கள். இருபது வருஷத்துக்கு மேல் இதுதான். இவர் ஒருவர் முன்னால்தான் நான் வெறும் குரலாக இருந்தேன். எரிச்சலோடு, அலுப்போடு, ஆனால் முழு முகத்தோடு. உருண்டை முகம், மாநிறம் என்று சொல்லியிருந்தால் அதையும் நம்பிக்கொண்டு ரயிலேறியிருப்பார்.

"இடது பக்கம் தீக்காயம்" என்றேன். "பத்தொன்பது வயசுல. தீப்பெட்டி ஆபீஸ்ல மருந்து முக்கி வச்ச குச்சி பத்திக்கிட்டு. காதுல ஆரம்பிச்சு கன்னம், கழுத்து வரைக்கும்."

ஐயோ என்பார், பாவம் என்பார், கையைப் பிடிப்பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"கண்ணுக்கு எவ்வளவு பக்கத்துல?"

"ஒரு விரக்கடை."

"தோலு எப்படி இருக்கும்? பாலாடை மாதிரியா, மொளகா வத்தல் மாதிரியா?"

"ஏட்டி!" என்று கத்திவிட்டேன். அவ்வளவு நாளில் அப்படிக் கூப்பிட்டதில்லை. யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. வீட்டுக்காரர் கேட்டதில்லை. என்னைப் பெற்றவள் கேட்டதில்லை. கண்ணாடி முன்னால் நின்று நானே என்னிடம் கேட்டுக்கொண்டதில்லை. அவர் அசையாமல் பதிலுக்குக் காத்திருந்தார். நான் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துத் தடவிப் பார்த்தேன்.

"கன்னத்துல பாலாடை. கழுத்துல வத்தல்" என்றேன்.

"இதை முதல்லயே கேட்டிருக்கணும்" என்றார். தன் பக்கம் தப்பு என்று அவர் ஒத்துக்கொண்டு நான் கேட்டது அது ஒன்றுதான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "வாரேன் மதினி. இப்போ தெரியுது" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

தடிச் சத்தம் தெருவரை போய் மறைந்தது. அவர் இறங்கிய படியிலேயே ஒருவர் ஏறி வந்தார். வாசலில் நின்று என் இடது பக்கத்தைப் பார்த்தார், சட்டென்று மேசைமேலிருந்த மவுஸைப் பார்த்தார்.

"அந்த மவுஸ்ல ஒண்ணுமில்ல அண்ணாச்சி" என்றேன். "இங்கன என்னைப் பாத்துச் சொல்லுங்க, என்ன வேணும்?"